விளக்கும் கணக்கும்

ஐந்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் எனக்கு முதன்முதலில் அறிமுகமான பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கையில் விளக்கோடு நின்றுகொண்டிருந்தார். தலையில் வெள்ளைத் துணி, முகத்தில் சாந்தம், இருபுறமும் கட்டில்களில் காயம்பட்ட சிப்பாய்கள். கைவிளக்கேந்திய காரிகை யார் என்று தேர்வில் ஒரு கேள்வி வரும். பெயரை எழுதினால் ஒரு மதிப்பெண். அந்த ஒரு மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு அவரை நான் மறந்துவிட்டேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், முதுகலை வகுப்பில் புள்ளியியல் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் பேராசிரியர் ஒரு வண்ணப் படத்தைக் காட்டினார். நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றிப் பன்னிரண்டு இதழ்கள். இதழ்களின் பெரும்பகுதி நீல நிறம், உள்ளே சிறிதளவு சிவப்பு, சிறிதளவு கறுப்பு. விரிந்த பூவைப் போல் அழகாக இருந்தது. ஆனால் அது சாவின் கணக்கு என்று அவர் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. வரைந்தவர் யார் என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெயரைச் சொன்னார். பாடப்புத்தகத்தில் விளக்கோடு நின்ற அதே அம்மையார்!

அன்று மாலையே நூலகத்துக்குப் போனேன். விளக்கு பிடித்த கை எப்படிக் கணக்கும் எழுதியது என்பதுதான் நான் தேடிச் சென்றது. கிடைத்ததை நம் சங்கத்து நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். திருமணமானபின் நெடுநாள் ஐரோப்பாவைச் சுற்றிவந்த செல்வத் தம்பதியர் பிறந்த ஊரின் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு நேப்பிள்ஸில் பிறந்த மூத்த மகளுக்கு, அந்நகரின் பழைய கிரேக்கப் பெயராகிய பார்த்தினோப் என்பதைச் சூட்டியிருந்தார்கள். தந்தை வில்லியம் நைட்டிங்கேல் உறவினர் வழியாக வந்த பெருஞ்சொத்துக்கு உரியவர். டார்பிஷயர் குன்றுகளில் லீ ஹர்ஸ்ட் என்று ஒரு மாளிகை. தெற்கே ஹாம்ப்ஷயரில் எம்ப்ளி என்று அதைவிடப் பெரிய மாளிகை. கோடையில் அங்கே, மற்றக் காலத்தில் இங்கே, விருந்துக் காலம் வந்தால் லண்டன். வேலையென்று ஒன்று செய்துதான் உண்ணவேண்டும் என்ற நிலை அந்த வீட்டில் எவருக்கும் இருந்ததில்லை.

தந்தை நல்ல படிப்பாளி. மகள் இருவருக்கும் தாமே ஆசிரியராக அமர்ந்து லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், வரலாறு, தத்துவம் எல்லாம் கற்பித்தார். அந்தக் காலத்து ஆங்கிலேயப் பெண்களில் ஆயிரத்தில் ஒருத்திக்கும் கிட்டாத பேறு இது. ஆனால் இளைய மகள் கணிதம் கற்கவேண்டுமென்று 1840-இல் கேட்டபோதுதான் தகராறு தொடங்கியது. நாளைக்கு மணமாகி ஒரு மாளிகையை நிர்வகிக்கப் போகிற பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்பது தாயார் பானியின் வாதம். மே என்ற அத்தை குறுக்கே விழுந்து பரிந்து பேசினார். வீட்டார் எழுமுன் விடியற்காலையில் எழுந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு, பிளாரன்ஸ் கணக்குப் போட்டுக் கற்றார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. கணக்கிலிருந்து தப்ப வழி தேடும் தோழிகள் சிலரை நான் அறிவேன்.

பதினாறு வயதில், 1837 பிப்ரவரியில், தம்மை இறைவன் தம் பணிக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். ஆய்வுக்கூடத்தில் பொழுதைக் கழிக்கும் எனக்கு இதைப்பற்றித் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லை. ஆனால் அந்த அழைப்பு என்ன பணிக்கு என்பது பல ஆண்டுகள் அவருக்கே விளங்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். எம்ப்ளியைச் சுற்றியிருந்த குடிசைகளில் நோயாளிகளைப் பார்த்துவரும் பழக்கத்தில், நோயுற்றவரைப் பேணுதல்தான் அது என்று மெல்ல மெல்லத் தெளிந்தார். 1845-இல், சால்ஸ்பரி நகர மருத்துவமனையில் சில மாதம் தங்கித் தாதித் தொழில் பயில அனுமதி வேண்டுமென்று வீட்டில் கேட்டார்.

வீடு இரண்டுபட்டது என்று சொல்வதற்கில்லை. முழு வீடும் ஒரே பக்கம் நின்று எதிர்த்தது. தாயார் பதறினார், தமக்கை மயங்கி விழாத குறை, தந்தை வெறுத்துப்போய் ஒதுங்கிக்கொண்டார்.

தாயாரைக் கொடுமைக்காரி என்று தள்ளிவிடுவது எளிது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அன்றைய மருத்துவமனை எப்படி இருந்தது என்று படித்தபின் என் கோபம் பாதியாகக் குறைந்தது. பணமுள்ளவர்கள் வீட்டில் படுத்து, வைத்தியரை வரவழைத்து, மருத்துவம் செய்துகொண்ட காலம் அது. மருத்துவமனை என்பது போக்கற்ற ஏழைகள் சென்று விழும் இடம். ஒரே கூடத்தில் நெருக்கியடித்த கட்டில்கள், மாற்றப்படாத விரிப்புகள், உள்ளே நுழையும்போதே குடலைப் பிரட்டும் நாற்றம். தாதியர் என்போர் பயிற்சியில்லாத கூலிக்காரப் பெண்கள். குடிப்பழக்கமும் கெட்ட பெயரும் அவர்களைச் சுற்றியிருந்தன. அந்த இடத்துக்குப் பட்டும் பியானோவுமாய் வளர்ந்த மகளை எந்தத் தாய் அனுப்புவாள்? எம்.எஸ்ஸி. படிக்க இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவுக்கு வருவதற்கே என் வீட்டில் இரண்டு மாதம் பேச்சு நடந்தது. அச்சம் அன்பின் மறுபக்கம் என்பது உண்மைதான். ஆனால் அந்த அன்புக்குக் கீழ்ப்படிந்தே ஆயுளைக் கழிக்கவேண்டுமா என்பதுதான் அந்த மாளிகையில் எட்டாண்டுகள் நடந்த போராட்டம்.

வெளிப்படையாகப் பயில முடியாததை அவர் மறைவாகப் பயின்றார். மருத்துவமனை அறிக்கைகள், சுகாதார அறிக்கைகள், பாராளுமன்றம் வெளியிட்ட தடித்த புத்தகங்கள் ஆகியவற்றை வரவழைத்து, விடியுமுன் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்துக் குறிப்பெடுத்தார். காலைச் சிற்றுண்டி மணி அடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஒன்றுமறியாத பெண்ணாகக் கீழே இறங்கி வருவார். பகல் முழுதும் விருந்தினரோடு பேச்சு, தோட்டத்தில் உலா, மாலையில் தமக்கையின் பாட்டு. இந்த இரட்டை வாழ்வு அவரை உள்ளே அரித்தது. வேலையற்ற செல்வப் பெண்களின் வாழ்வு எப்படிச் சிறுகச் சிறுகச் சாவது என்பதை ‘கஸாண்ட்ரா’ என்ற கட்டுரையில் கொட்டித் தீர்த்தார். அது அவர் இறந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1928-இல்தான் பலர் படிக்கும்படி வெளிவந்தது.

இடையில் திருமணப் பேச்சு. ரிச்சர்டு மாங்ட்டன் மில்ன்ஸ் என்பவர் கவிஞர், பாராளுமன்ற உறுப்பினர், நல்ல குணமுடையவர். பல ஆண்டுகள் காத்திருந்தார். பிளாரன்ஸுக்கும் அவரைப் பிடிக்காமலில்லை. ஆயினும் 1849-இல் மறுத்துவிட்டார். அவரை மணந்தால் மீண்டும் ஒரு மாளிகை, மீண்டும் விருந்து என்பதை அவர் அறிந்திருந்தார். குடும்பத்துக்கு இது இரண்டாவது இடி.

மனம் மாறட்டுமென்று குடும்ப நண்பர்களோடு எகிப்துக்கும் கிரேக்கத்துக்கும் அனுப்பினார்கள். திரும்பும் வழியில் அவர் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில், ஏழைகளுக்காகப் பெண்கள் நடத்திய மருத்துவ இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தார்! அடுத்த ஆண்டு, 1851-இல், பிடிவாதமாக அங்கேயே சென்று மூன்று மாதம் பயின்றார். ஊராருக்குத் தெரியக்கூடாது என்று வீட்டில் மறைத்தார்கள். தமக்கையோ தங்கையின் பிரிவை எண்ணி எண்ணி நோயாகவே விழுந்தார். 1852-இல் அவரைப் பார்த்த மருத்துவர், இருவரும் பிரிந்திருப்பதே மூத்தவருக்கு மருந்து என்று கூறிவிட்டார். ஒருவகையில் பிளாரன்ஸுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தவர் அந்த மருத்துவர்தான். 1853-இல் லண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற நல்ல குடும்பத்துப் பெண்களுக்கான சிறு மருத்துவ இல்லத்தின் தலைவியானார். சம்பளம் கிடையாது. தந்தை மனமிரங்கி ஆண்டுக்கு 500 பவுன் கொடுக்க இசைந்தார். அப்போது அவருக்கு வயது 33.

மறு ஆண்டுக் கோடையின் இறுதியில் லண்டனில் காலரா வந்தது.

ஸோஹோ என்ற பகுதி ஏழைகள் நெருங்கி வாழ்ந்த இடம். 1854 ஆகஸ்டு முடிவில் அங்கே பிராடு தெருவைச் சுற்றிக் கொள்ளைநோய் வெடித்தது. சில வாரங்களில் 600-க்கு மேற்பட்டவர் மாண்டனர். வண்டி வாங்க வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஓடுவதற்கு இரண்டு மாளிகைகள் வைத்திருந்த நைட்டிங்கேல் குடும்பத்துப் பெண், மிடில்ஸெக்ஸ் மருத்துவமனைக்கு நடந்து சென்று, தாதியாகத் தம்மை ஏற்றுக்கொள்ளச் சொன்னார். அரை மணிக்கொரு முறை நோயாளிகள் தூக்கி வரப்பட்டார்கள். அவர்களில் பலர் இரவில் தெருவில் நின்று பிழைக்கும் பெண்கள். எம்ப்ளி மாளிகையில் பெயர் சொல்லவும் கூசும் இனத்தவர். அவர்களுடைய அழுக்கேறிய உடைகளைக் கழற்றி, உடலைத் துடைத்து, டர்ப்பென்டைன் ஒத்தடம் கொடுத்து, இரவு பகலாக அவர் நின்றார். அந்த ஒத்தடத்தால் என்ன பயன்? ஒன்றுமில்லை என்றுதான் இன்று நாம் சொல்வோம். காலரா உடலிலுள்ள நீரையும் உப்பையும் வடித்துக் கொல்லும் நோய். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை விடாமல் புகட்டினாலே பெரும்பாலோர் பிழைப்பர். இதை உலகம் தெளிவாக அறிந்துகொள்ள இன்னும் நூறாண்டுகளுக்கு மேல் இருந்தது. எனவே அவர் அங்கே செய்ய முடிந்தது, சாகிறவர்கள் தனியாகச் சாகாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே.

அதே நாட்களில், அதே தெருக்களில், ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாகச் சென்று, இறந்தவர்கள் எந்தக் குழாயில் தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் பிராடு தெருக் குழாயில் வந்து முடிந்தது. செப்டம்பர் 8-ஆம் நாள் அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. ஒருவர் நோயாளியின் பக்கத்தில். மற்றவர் நோயின் காரணத்தைத் தேடித் தெருவில். கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று நம்பிய நைட்டிங்கேல் அம்மையார், தண்ணீர்தான் காரணம் என்ற ஸ்னோவின் முடிவை நெடுங்காலம் ஏற்கவே இல்லை.

அந்த அக்டோபரிலேயே அவர் வாழ்வு திசை மாறியது. ரஷ்யாவோடு பிரிட்டனும் பிரான்சும் துருக்கியும் மோதிய கிரிமியப் போரில், காயம்பட்ட சிப்பாய்கள் கேட்பாரற்றுக் கிடப்பதை டைம்ஸ் பத்திரிகை எழுதியது. நாடு கொதித்தது. போர்த்துறைச் செயலர் சிட்னி ஹெர்பர்ட் அவருடைய நண்பர். தாதியரோடு புறப்பட முடியுமா என்று கேட்டு அவர் எழுதிய கடிதமும், தாமே போக விரும்புவதாகப் பிளாரன்ஸ் எழுதிய கடிதமும் ஒன்றையொன்று வழியில் கடந்து சென்றன. அக்டோபர் 21-ஆம் நாள் 38 பெண்களோடு அவர் புறப்பட்டார். இம்முறை குடும்பம் தடுக்கவில்லை. அரசாங்கமே அழைத்துவிட்டதல்லவா! பெட்டி கட்ட ஓடியாடி உதவியவர்களில் பார்த்தினோப்பும் ஒருவர். மகளின் தொழில் இழிவானதா உயர்ந்ததா என்பதை மந்திரியின் கடிதம் ஒன்று மாற்றிவிட்டது. அந்த அவசரத்தில், கிரேக்கத்திலிருந்து கொண்டுவந்து அவர் சட்டைப் பையிலேயே வைத்து வளர்த்த அதீனா என்ற குட்டி ஆந்தை கவனிப்பாரின்றி இறந்துபோயிற்று. அதற்குத்தான் அவர் அழுதாராம்.

நவம்பர் 4-ஆம் நாள் ஸ்கூட்டாரி வந்து சேர்ந்தார்கள். இன்று இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதியாகிய உஸ்குதார்தான் அது. துருக்கியரின் பிரம்மாண்டமான படைவீடு ஒன்று மருத்துவமனையாக்கப்பட்டிருந்தது. கட்டடம் இன்றும் நிற்கிறது. இராணுவ மருத்துவர்கள் இந்தப் பெண் படையை விரும்பவில்லை. அம்மையார் ஒரு காரியம் செய்தார். மருத்துவர்கள் தாமாகக் கேட்கும்வரை எந்தத் தாதியும் எந்த நோயாளியையும் தொடக்கூடாது என்று உத்தரவிட்டார். பக்கத்து அறையில் மனிதர்கள் முனகிக்கொண்டிருக்க, தாதியர் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தார்கள். கல்நெஞ்சம் என்று தோன்றும். ஆனால் சில நாட்களுக்குள் இங்கர்மன் போரின் காயப்பட்டவர்களும், நோயாளிகளும் கப்பல் கப்பலாக வந்து இறங்கவே, மருத்துவர்களே வந்து கேட்டார்கள். அதன்பின் அவரை யாரும் வெளியேறச் சொல்லவில்லை.

கட்டில் வரிசைகளை நீட்டினால் நான்கு மைல் வரும். படுக்கை போதாமல் வெறுந்தரையில் படுத்திருந்தவர்கள் பலர். சீதபேதி, டைபஸ், காலரா, பனியில் அழுகிய பாதங்கள். அம்மையார் தரை தேய்க்கும் தூரிகைகள் வாங்கினார். வாடகைக்கு ஒரு வீடு பிடித்து வெந்நீர்க் கொப்பரை வைத்துத் துணி வெளுக்க ஏற்பாடு செய்தார். சிப்பாய்களின் மனைவியர் அங்கே வேலை செய்தனர். டைம்ஸ் பத்திரிகை திரட்டிய நிதியிலிருந்து சட்டை, காலுறை, கத்தி, கரண்டி முதலியன வாங்கிக் குவித்தார். இரவானால் துருக்கியர் வைத்திருக்கும், மடித்து விரிக்கும் கூண்டு விளக்கைத் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாக வருவார். 1855 பிப்ரவரியில் லண்டன் பத்திரிகை ஒன்று அந்தக் காட்சியைப் படமாக்கியது. கவிஞர் லாங்ஃபெலோ பின்னர் அதைப் பாட்டாக்கினார். நம் பாடப்புத்தகங்கள்வரை அந்த விளக்கு வந்துவிட்டது.

ஆனால் விளக்கு எரிந்த அந்தக் குளிர்காலத்தில் ஸ்கூட்டாரியில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1855 பிப்ரவரியில் மட்டும், சேர்க்கப்பட்டவர்களில் 100-க்கு 42 பேர் என்ற அளவில் சாவு இருந்தது. தாதியர் வந்து மூன்று மாதமாகியும் சாவு குறையவில்லை, கூடிக்கொண்டே போயிற்று.

மார்ச்சில் அரசாங்கம் ஒரு சுகாதாரக் குழுவை அனுப்பியது. மருத்துவர் ஜான் சதர்லாந்து, பொறியாளர் ராபர்ட் ராலின்ஸன் முதலியோர் வந்து, நோயாளிகளை அல்ல, கட்டடத்தைச் சோதித்தார்கள். அந்தப் பெரும் படைவீடே அடைபட்ட சாக்கடைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. கழிவின் நச்சு வார்டுகளுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. குடிநீர் வரும் வழியில் ஒரு குதிரையின் பிணம் அழுகிக் கிடந்தது. சாக்கடைகளைக் கழுவிவிட்டார்கள், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், காற்றுக்கு வழி திறந்தார்கள். ஜூன் மாதத்தில் சாவு 100-க்கு 2 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

மே மாதத்தில் கிரிமியாவுக்கே சென்ற அம்மையார் கடுங்காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். ஆட்டுப்பால் வழியாகப் பரவும் புருசெல்லோசிஸ் என்ற நோயாக அது இருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் கருதுகின்றனர். போர் முடிந்ததும், வரவேற்பு மேளதாளங்களுக்கு அஞ்சி, மிஸ் ஸ்மித் என்ற பொய்ப் பெயரில் பயணம் செய்து, 1856 ஆகஸ்டில் யாருக்கும் சொல்லாமல் லீ ஹர்ஸ்ட் மாளிகைக்கு நடந்து வந்து சேர்ந்தார். நாடு முழுவதும் அவர் படம்; அவர் பெயரில் நிதி; மகாராணியே அழைத்துப் பேசினார். அதோடு நின்றிருந்தால் நம் பாடப்புத்தகத்துக்குப் போதுமானது.

அவர் நிற்கவில்லை. அத்தனை பேர் ஏன் இறந்தார்கள் என்று அறியவேண்டும் என்றார். உணவுக் குறைவு, உடைக் குறைவு, முகாமிலிருந்து நோயாளிகளைச் சாகும் நிலையில் தாமதமாக அனுப்பியது ஆகியவையே காரணம் என்றுதான் அதுவரை அவர் எண்ணியிருந்தார். பிறப்பு இறப்புக் கணக்கில் இங்கிலாந்திலேயே முதல்வரான வில்லியம் ஃபார் என்பவரோடு 1857-இல் உட்கார்ந்து பட்டியல்களை ஒப்பிட்டார். கணக்கு வேறு கதை சொல்லிற்று. போர்முனையில், குளிரில், கூடாரங்களிலிருந்த சிறு மருத்துவமனைகளைவிட ஸ்கூட்டாரியில் சாவு அதிகம். சிப்பாய்கள் பலர் சாகும் நிலையில் அங்கே வரவில்லை. அங்கே வந்து நோய் தொற்றி இறந்தார்கள். அவர் விளக்கேந்தி நடந்த அதே வார்டுகளில்! காலடியிலிருந்த சாக்கடையை அவரும் காணவில்லை.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதம் உழைத்த பரிசோதனையின் அடிப்படையே தவறு என்று ஒரு வரைபடம் காட்டும்போது ஏற்படும் வயிற்றுக் கலக்கம் எனக்குத் தெரியும். அங்கே இருந்தவை வெறும் சோதனைக் குழாய்கள். இவருக்கோ பெயர் தெரிந்த மனிதர்கள். இறந்தபின் அவர்களின் தாய்மாருக்குத் தாமே கடிதம் எழுதியவர் அவர். நாடே தெய்வமாகக் கொண்டாடும் நேரத்தில், தம் மருத்துவமனையே எல்லாவற்றிலும் கேடானது என்ற உண்மையை ஒருவர் மூடிவைத்திருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? வீட்டாரை எதிர்த்து மாளிகையை விட்டு வந்ததைவிட இது பெரிய துணிவு என்று நான் நினைக்கிறேன். அங்கே எதிர்த்தது தாயையும் தமக்கையையும், இங்கே தம்மையே.

எண்ணூறு பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கையாக எல்லாவற்றையும் எழுதினார். தம் செலவில் அச்சிட்டு அதிகாரத்திலிருந்தவர்களுக்கு அனுப்பினார். எண்களின் பட்டியலை மந்திரிகள் படிக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனவே 1858-இல் படமாக வரைந்தார். நான் வகுப்பில் கண்ட பூ அதுதான். ஒவ்வோர் இதழும் ஒரு மாதம். நீலம், தடுக்கக்கூடிய நோயால் இறந்தவர்; சிவப்பு, காயத்தால் இறந்தவர்; கறுப்பு, பிற காரணம். நடுப்புள்ளியிலிருந்து அளக்கும் பரப்பு சாவின் அளவைக் காட்டும்.

விடுதி அறையில் அந்த எண்களை எடுத்து நானே வரைந்து பார்த்தேன். 1855 ஜனவரியில் கிழக்கேயிருந்த பிரிட்டிஷ் படையின் சராசரி பலம் சுமார் 32,000. அந்த ஒரு மாதத்தில் காயத்தால் இறந்தவர் 83. நோயால் இறந்தவர் 2,761. அதாவது ரஷ்யக் குண்டு ஒருவரைக் கொன்றால், நோய் 33 பேரைக் கொன்றது. அதே வேகம் ஓராண்டு நீடித்திருந்தால், நோயால் இறந்தவர் தொகை மட்டுமே முழுப் படையின் பலத்தைத் தாண்டியிருக்கும். மறு ஆண்டு ஜனவரியில் நோயின் சாவு ஐம்பதையும் எட்டவில்லை. வட்டம் வரையும் கருவியில் அந்த இதழ் அவ்வளவு சிறியதாக வந்தது. பென்சில் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிட்டது.

போர் இல்லாத காலத்திலும், இங்கிலாந்துப் படைவீடுகளில் வாழ்ந்த இளம் சிப்பாய்கள் வெளியிலிருந்த அதே வயதினரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இறக்கிறார்கள் என்பதையும் அவர் காட்டினார். படைவீடுகள் மாறின, இராணுவ மருத்துவப் பள்ளி ஏற்பட்டது. 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராக்கிற்று. அச்சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் அவரே. 1860-இல், மக்கள் தந்த நிதியைக் கொண்டு, செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பள்ளி தொடங்கியது. இவ்வளவையும் பெரும்பாலும் படுக்கையிலிருந்தே செய்தார். 1857-இல் உடல் தளர்ந்தவர் அதன்பின் பழைய நிலைக்கு மீளவேயில்லை.

நம் நாட்டோடு அவருக்கிருந்த தொடர்பைச் சொல்லாமல் விடுவது தகாது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதாரத்தை ஆராய 1859-இல் ஒரு கமிஷன் அமைந்தபோது, அதன் முதுகெலும்பாக இருந்தவர் அவர். கண்டோன்மென்ட் ஒவ்வொன்றுக்கும் கேள்வித்தாள் அனுப்பினார். வந்து குவிந்த பதில்கள் அறைகளை அடைத்தன. இங்கே ஆண்டுக்கு ஆயிரம் சிப்பாய்க்கு 69 பேர் இறந்தார்கள். வெயிலைப் பழித்தவர்களுக்கு, வெயில் அல்ல, வடிகால் இல்லாமையும் கெட்ட நீருமே காரணம் என்று 1863-இல் பதில் எழுதினார். மறு ஆண்டு வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன.

அவருடைய கவலை முதலில் வெள்ளைச் சிப்பாயைப் பற்றியதுதான். ஆளும் நாட்டின் மகளாகவே அவர் நம்மைப் பார்த்தார் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் பக்கத்து ஊர் அழுகிக் கிடக்கையில் கண்டோன்மென்ட் மட்டும் சுத்தமாயிருக்க முடியாது என்று எண்கள் காட்டவே, பார்வை சிப்பாயிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து உழவனுக்கும் நகர்ந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தின்போது, பாசனமே பஞ்சத்துக்கு மருந்து என்று வாதாடினார். அவ்வாதத்தில் அவருக்குத் துணை நின்றவர், நம் கொள்ளிடத்திலும் பின் கோதாவரியிலும் அணை கட்டிய ஆர்தர் காட்டன். அம்மையார் இந்தியாவுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

காலராக் கிருமியை 1884-இல் ராபர்ட் காஃக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தினார். ஸ்னோ சொன்னதே சரியாயிற்று. நைட்டிங்கேலின் கொள்கை தவறு. ஆனால் நல்ல தண்ணீர், நல்ல வடிகால் என்று அவர் கேட்டவை சரி. தவறான காரணத்தால் சரியான மருந்தைக் கண்ட விந்தையை என்னென்பது! முதுமையில் கிருமியையும் அவர் ஒருவாறு ஏற்றுக்கொண்டார்.

கணிதம் எதற்கு என்று கேட்ட தாயார் 1880-இல் முதுமையில் இறந்தார். அவருடைய கடைசிக் காலத்தில் அருகிருந்து பேணியவர்களில் இளைய மகளும் ஒருவர். சர் ஹாரி வெர்னியை மணந்த பார்த்தினோப் 1890-இல் மறைந்தார். அதன்பின் இருபது ஆண்டுகள் பிளாரன்ஸ் இருந்தார். கண்பார்வை போயிற்று, நினைவும் மங்கிற்று. 1907-இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற விருது அவரைத் தேடி வந்தபோது, அதைப் பெற்ற முதல் பெண்மணி தாம் என்பதை அவர் எவ்வளவு உணர்ந்தாரோ! 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசாங்கம் முன்வந்தது. அவர் விருப்பப்படி உறவினர் மறுத்துவிட்டனர். ஒருகாலத்தில் ஓடிப்போக விரும்பிய எம்ப்ளி மாளிகைக்கு அருகில், ஈஸ்ட் வெல்லோ என்ற சிற்றூர்க் கோயில் நிலத்தில், பெற்றோரின் பக்கத்தில் படுத்திருக்கிறார். கல்லில் அவர் பெயர்கூட முழுமையாக இல்லை. முதலெழுத்துகள் இரண்டு, பிறந்த நாள், இறந்த நாள்.